பதினாலாம் கேள்வி

ஸ்வார்த்நேஸ்
4 செப்டம்பர் 1994

அன்புத் தம்பி ராக்னாருக்கு,

அக்கா குன்வோர் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் வயிற்றுப் புண் ஆறியதா? உல்லாவின் ரத்த அழுத்தம் இறங்கியதா? சதுப்புப் பழம் இந்த வருஷம் கொட்டிக் கிடக்கிறது. இரண்டு ஜாடி ஜாம் கிண்டி வைத்திருக்கிறேன். ஸ்டாக்ஹோம் பக்கம் போகிறவர் யாராவது அகப்பட்டால் கொடுத்தனுப்புகிறேன்.

இதை உன் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். உன் அலுவலகத்துக்கு ஒரு காகிதம் வந்தால் போதும், முத்திரை குத்தி எண் போட்டுவிடுவீர்கள். அதன்பிறகு தெருவில் போகிறவன் வந்து கேட்டாலும் எடுத்து நீட்டியாக வேண்டும். நல்ல சட்டம்தான். அக்காவும் தம்பியும் எழுதிக்கொள்வதற்குத்தான் உதவாது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆராய்ச்சிக் கழகம் என் ஏரிக்குக் கொடுத்த நான்கு வருஷ மானியம் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. இரண்டு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஒன்று கால நீட்டிப்பு. கூடுதல் காசு வேண்டாம், மிச்சமிருக்கும் வேலையை முடிக்க ஒரு வருஷம் மட்டும் கொடுங்கள் என்று. போன வருஷம் எடுத்த தண்ணீர் இருநூற்றுப் பதினாறு புட்டிகளில் உறைபெட்டியில் கிடக்கிறது. சோதிக்க நேரம் கிடைக்கவில்லை, ஏன் என்று உனக்குத் தெரியும். இரண்டாவது விண்ணப்பம் புதுப்பித்தல், அடுத்த நான்கு வருஷத்துக்கு. அது கிடைக்காவிட்டால் ஏரிக்கரை ஆய்வு நிலையத்தைப் பூட்டிச் சாவியைப் பல்கலைக்கழகத்திடம் கொடுக்க வேண்டியதுதான். இருபத்தெட்டுக் குளிர்காலமாக ஞாயிறு தவறாமல் இந்த ஏரியை அளந்து, அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வருகிறது என்று முதலில் சொன்னவள் நான். இன்னும் நான்கு வருஷம் அளந்தால்தான் ஏன் குறைகிறது என்று அடித்துச் சொல்ல முடியும்.

புதுப்பித்தல் படிவத்தை நிரப்பினேன். பதிமூன்று கேள்வி வரை சரி. பதினாலாவது என்று ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. "பொறுப்பாளர் பணியாற்ற இயலாமல் போனால் அளவீடுகள் எவ்வாறு தொடரும்?" நீ செத்தால் என்ன செய்வாய் என்று என்னிடமே கேட்கிறான். இதை எழுதிய மகராசன் எவன்? ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டே எழுதியிருப்பான். "பொறுப்பாளர் இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு வாரமும் தவறியதில்லை" என்று எழுதி வைத்தேன். வயிறு எரியட்டும் அவனுக்கு.

உமேயோவைப் பற்றி நீ வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் செய்திருக்கிறாய்.

அக்கா,
குன்வோர்


ஸ்டாக்ஹோம்
17 செப்டம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் உல்லாவும் சுகம். வயிறு அப்படியே இருக்கிறது. காபியைக் குறைத்துவிட்டேன், ஏழு கோப்பையிலிருந்து ஆறுக்கு. உன் கையெழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே, எழுதும்போது வலிக்கிறதா?

உன் இரண்டு விண்ணப்பமும் என் பிரிவுக்குத்தான் வரும். நீட்டிப்பை எங்கள் குழு அக்டோபர் கடைசியில் எடுக்கும். புதுப்பித்தல் வேறொரு குழுவுக்குப் போய் பிப்ரவரியில் முடிவாகும். இரண்டிலும் உன் பெயர் வரும்போது நான் எழுந்து வெளியே போயாக வேண்டும். நான் போன நிமிடத்தையும் திரும்பிய நிமிடத்தையும் கூட்டக் குறிப்பில் எழுதுவார்கள். அதனால் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே.

தம்பியாக ஒன்று சொல்கிறேன். நீட்டிப்புக்குக் காரணம் என்ற இடத்தில் நீ "சொந்தக் காரணங்கள்" என்று எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அது போதாது. வேலை தடைபட்டது என்று காட்ட வேண்டும். போன வருஷம் மார்ச்சில் உமேயோ ஆஸ்பத்திரியில் மார்பில் அறுவை சிகிச்சை, பிறகு ஆறு வாரம் கதிர் சிகிச்சை. டாக்டர் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். இணைத்துவிடு அக்கா, இன்னும் நேரம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ராக்னார்


ஸ்வார்த்நேஸ்
25 செப்டம்பர் 1994

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கையெழுத்து சாய்ந்ததற்குப் பேனாதான் காரணம்.

இணைக்க மாட்டேன். ஏன் என்று பதினாலாம் கேள்வியை எழுதியவனிடம் போய்க் கேள். அதைப் பற்றி அவ்வளவு எழுதியிருந்தேன், நீ அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஸ்டாக்ஹோம்காரன் ஆகிவிட்டாய், பிடிக்காத கேள்வி காதில் விழுவதில்லை.

நீட்டிப்புக்கு நான் நோயாளி என்று எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். அந்தத் தாளுக்கு முத்திரை விழும். நாலு மாசம் கழித்து மற்றொரு குழு புதுப்பித்தல் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும்போது, "ஓகோ, இந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், தனி ஆளாம், ஐம்பத்து மூன்று வயசாம்" என்று பதினாலாம் கேள்வியில் கழுத்தைப் பிடிக்கும். மருத்துவ விடுப்புகூட எடுக்காமல், சேர்த்து வைத்திருந்த விடுமுறையை எல்லாம் கரைத்து உமேயோவுக்குப் போனது எதற்கு? ஆறு வாரமும் வெள்ளிக்கிழமை மதியம் பஸ் ஏறி வந்து, ஞாயிறு ஏரியை அளந்துவிட்டு, மறுபடி போய் அந்த மேசையில் படுத்தேனே, எதற்கு? எந்தத் தாளிலும் அது ஏறக் கூடாது என்றுதான்.

நேற்று ஏவெர்ட் வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், ரயில்வேயில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுவை சிகிச்சை நடந்த சமயம் இரண்டு ஞாயிறு எனக்காக ஏரியில் இறங்கியவர் அவர்தான். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை அவித்திருந்தேன். வெண்ணெய் வழியத் தின்றுகொண்டே கேட்டார்.

"நீட்டிப்பு வேணும்னா வேலை நின்னுபோச்சுன்னு சொல்லணும். புதுப்பிக்கணும்னா வேலை நிக்கவே இல்லன்னு சொல்லணும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"ரெண்டையும் ஒரே ஆபீசுலயா படிப்பாங்க?"

"ஒரே ஆபீசுதான். மேசைதான் வேற."

"ரயில்வேல நாங்க பண்ணாத கூத்து இல்ல குன்வோர். ஆனா ஒரே வண்டிய வந்துருச்சுன்னும் வரலன்னும் ஒரே நாள்ல எழுதுனதில்லம்மா."

ஏவெர்ட் பெயரை இரண்டாவது ஆளாகப் போடலாமே என்று நீ கேட்பாய். படிவத்தில் பட்டம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. லைன்மேன் என்று எழுதட்டுமா?

அக்கா


ஸ்டாக்ஹோம்
2 நவம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

குழு போன வாரம் கூடியது. உன் பெயர் வந்ததும் எழுந்து போனேன். நடைபாதையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். துடைப்பத்தோடு வந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சார், வெளிய நிக்கிறீங்க? வீட்டுப்பாடம் எழுதலையா?"

"அக்கா விஷயம் பேசுறாங்க."

"அப்ப உள்ளதான் சார் இருக்கணும்!"

கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. உனக்கு ஏன் தாமதமானது என்று அந்தக் கட்டிடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். என்ன முடிவு என்று நான் சொல்லக் கூடாது, தபாலில் வரும்.

ஏரி உறைந்துவிட்டதா? பனி கனக்கும் முன் தனியாக அதன்மேல் போகாதே.

ராக்னார்


ஸ்வார்த்நேஸ்
15 நவம்பர் 1994

தம்பி,

நன்றாக இருக்கிறேன். ஏரி உறைந்துவிட்டது.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மனப்பாடமே ஆகிவிட்டது, கேள்: "விண்ணப்பதாரர் தமது 1993ஆம் ஆண்டறிக்கையில், இவ்வாண்டும் ஒரு வாரம்கூட விடுபடாமல் அளவீடுகள் நடைபெற்றன எனத் தெரிவித்துள்ளார். எனவே பணி தடைபட்டதாகக் கருத இடமில்லை. நீட்டிப்பு மறுக்கப்படுகிறது."

என் வாயாலேயே என்னைக் குத்தியிருக்கிறார்கள்! அந்த வரியை ஜனவரியில் எழுதியபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? தையல் பிரிக்காத மார்போடு படுத்துக்கொண்டு, எந்த ஆழத்தில் கம்பியை நிறுத்த வேண்டும் என்று ஏவெர்டுக்குத் தொலைபேசியில் சொன்னவள் எழுதிய வரி அது. அளந்தது வாஸ்தவம். அளந்த தண்ணீரைச் சோதிக்கத்தானே உடம்பு ஒத்துழைக்கவில்லை? உடம்பு முடியாமலும் வேலை செய்தவளுக்கு, வேலை செய்ததுதான் குற்றம். போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தால் ஒரு வருஷம் கிடைத்திருக்கும்.

ஜனவரியிலிருந்து அந்த இருநூற்றுப் பதினாறு புட்டியைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை. ஒரு வருஷம் முழுவதையும் சாக்கடையில் ஊற்றச் சொல்கிறீர்கள்.

நேற்று உங்கள் பதிவுப் பிரிவுக்குப் போன் போட்டேன். என் வழக்கில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் நகல் வேண்டும் என்றேன்.

"அனுப்பிடறோம்மா. வேற ஏதாவது?"

"பதினாலாம் கேள்விய எழுதுனது யாருன்னு தெரியணும். அதோட முதல் வரைவும் வேணும்."

"அது எதுக்கும்மா?"

"எதுக்குன்னு கேக்க உங்களுக்கு உரிமை இல்ல. கேக்க எனக்கு உரிமை உண்டு."

"சரிதான்," என்று சிரித்தாள். உங்கள் கட்டிடத்திலேயே மனுஷியாக இருப்பவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. அந்த மகராசனின் பெயர் கிடைக்கட்டும், அவன் வீட்டு வாசலுக்கே புட்டிகளை அனுப்புகிறேன்.

குன்வோர்


ஸ்வார்த்நேஸ்
4 டிசம்பர் 1994

ராக்னார்,

நலம் விசாரிக்க மனமில்லை.

பழுப்பு உறை வந்துவிட்டது. கூட்டக் குறிப்பில், "10.40க்கு செயலாளர் வெளியேறினார், 11.05க்குத் திரும்பினார்." செயலாளர் நீ வெளியே நிற்க, என் ஏரிக்கு இருபத்தைந்து நிமிடம். போகட்டும்.

அடியில் மஞ்சள் தாள் ஒன்றின் நகல். பென்சிலில் எழுதியது. "பொறுப்பாளர் பணியாற்ற இயலாமல் போனால்" என்று ஆரம்பிக்கிறது. அதன் கீழே ஒரு வரி, மேலே கோடு போட்டு அழித்திருக்கிறது, படிக்க முடியவில்லை. ஓரத்தில் தேதி, 11 மார்ச் 1993. கையெழுத்து யாருடையது என்று பதிவுப் பிரிவுக்காரி தனியாக ஒரு சீட்டு வைத்திருந்தாள். அது எனக்குத் தேவைப்படவில்லை. உனக்கு எழுதப் பழக்கியது யார்? 'g' எழுத்தின் வாலை இன்னும் தப்பாகத்தான் வளைக்கிறாய்.

பதினொன்றாம் தேதி. அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள். நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். நான் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் மடியில் மஞ்சள் தாளை வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய். "என்னடா எழுதுற?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, ஆபீஸ் வேலை. நீ தூங்கு" என்றாய்.

ஆபீஸ் வேலை! நான் சாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, இவள் செத்தால் என்ன என்று ஒரு கேள்வி எழுதி, அதற்கு எண் போட்டு, நாடு முழுக்க அச்சடித்து அனுப்பி, அதை எனக்கும் அனுப்பியிருக்கிறாய். மூன்று கடிதத்தில் அவனைத் திட்டினேன். மூன்றையும் படித்துவிட்டு வயிற்றுப் புண்ணைப் பற்றி எழுதினாய். எப்படியடா முடிந்தது உன்னால்?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

குன்வோர்


ஸ்டாக்ஹோம்
14 டிசம்பர் 1994

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றைப் படித்துவிட்டு அடுப்பில் போடு.

ஆமாம், நான்தான் எழுதினேன். நீ கண்ணை மூடியிருந்தாய், முகம் சுவரைப் போல இருந்தது. நீ போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஏரியில் யார் இறங்குவார்கள் என்று நினைத்தேன். அதை நினைத்ததும் அழுகை வந்தது. அழாமல் இருக்கத்தான் பென்சிலை எடுத்தேன். உன்னைப் போலத் தனியாக நிற்பவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், எல்லாருடைய கோப்பும் என் அலமாரியில் இருக்கிறது. இப்படி ஒரு கேள்வி இருந்தால் பதில் இல்லாத இடம் எது என்று தெரிந்துவிடும். நீ படிக்க முடியாத அந்த இரண்டாம் வரி இது: "பதில் இல்லாதவிடத்து, இரண்டாவது பணியாளருக்கான ஊதியத்தைக் கழகமே ஏற்கும்."

குழு முதல் வரியை வைத்துக்கொண்டது, இரண்டாவதை வெட்டியது. நான் அறைக்குள்தான் இருந்தேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. "அப்படியானால் கேள்வியும் வேண்டாம்" என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டம் முடிந்து சாப்பிடப் போனோம். மீன் சூப் என்று ஞாபகம்.

பிறகு உன்னிடமும் சொல்லவில்லை. நீ திட்டும்போது சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

நேற்று லூசியா நாள். காலையில் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு அலுவலகத்துக்கு வந்து பாடினார்கள், குங்குமப்பூ ரொட்டி கொடுத்தார்கள். அதன்பிறகு நான் தபால் நிலையத்துக்கு நடந்து போனேன். உமேயோவிலிருந்து நீ எனக்கு எழுதிய மூன்று கடிதங்களையும் ஒரு உறையில் வைத்து, என் சொந்த அலுவலகத்தின் பெயருக்கு அனுப்பினேன். 1993இல் வேலை ஏன் தடைபட்டது என்பதற்கு ஆதாரம், நீட்டிப்பை மறுபடி பரிசீலிக்கவும் என்று மேலே ஒரு தாள், என் பெயரில், உன் தம்பி என்று குறிப்பிட்டு. இந்நேரம் முத்திரை விழுந்திருக்கும்.

சத்தியத்தை மீறிவிட்டேன். தெரிந்துதான் மீறினேன்.

ராக்னார்


ஸ்வார்த்நேஸ்
3 ஜனவரி 1995

ராக்னார்,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கை கேட்கவில்லை.

உன்னை யார் கேட்டது? என் நோயை என் அனுமதி இல்லாமல் நாட்டுக்குக் கொடுக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? கட்டுப் பிரித்த அன்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். உனக்கு! இப்போது அந்தக் கடிதத்தின் தலையில் ரப்பர் முத்திரை. எண் 1127. பதிவுப் பிரிவுக்காரி நகல் அனுப்பி, "மருத்துவரின் சான்று இருந்தால் அனுப்பவும்" என்று கேட்டிருக்கிறாள். அந்தச் சீட்டின் பின்பக்கம் பென்சிலில் "வருந்துகிறேன்" என்று ஒரு வார்த்தை.

கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். உங்கள் அலுவலகத்துக்கு வரும் காகிதங்களை வாரம் ஒரு முறை புரட்டுவது அவள் வேலையாம்.

"மேடம், உங்களுக்குக் கேன்சராமே? பனியிலயும் வந்து வேலை பார்த்தீங்களாமே? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"ஏரிய எடுத்துக்க. அதுதான் நோயாளி," என்று சொல்லி வைத்துவிட்டேன். அதையும் தலைப்பாகப் போட்டுவிட்டாள். இப்போது கடைக்குப் போனால் கடைக்காரி பால் புட்டியைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. மார்பைப் பார்க்கிறாள்.

வெளியே வந்துவிட்டதை இனி மூடி என்ன ஆகப்போகிறது? டாக்டரின் சான்றை நானே அனுப்பிவிட்டேன். புட்டிகளுக்காக அனுப்பினேன். உனக்காக அல்ல.

குன்வோர்


ஸ்டாக்ஹோம்
16 ஜனவரி 1995

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? பதில் வராது என்று தெரிந்தே கேட்கிறேன்.

தலைவர் கூப்பிட்டுப் பேசினார். கோபப்படக்கூட இல்லை.

"ராக்னார், சட்டப்படி நீங்க செஞ்சதுல தப்பு இல்ல. யாரு வேணும்னாலும் கழகத்துக்குக் கடிதம் அனுப்பலாம். ஆனா இனிமே உங்கள எந்தக் குழுவுல உக்கார வைக்கிறது, சொல்லுங்க?"

"எதுலயும் வேணாம்."

"அதத்தான் நானும் நினைச்சேன்."

நாற்காலி மேசை வாங்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். என் மேசைக்கு விண்ணப்பம் எதுவும் வருவதில்லை. நேற்று முழுக்க ஜன்னல் திரைகளுக்கு நிறம் பார்த்தேன். நீட்டிப்பு, புதுப்பித்தல் இரண்டையும் பிப்ரவரியில் அடுத்தடுத்து எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு நான் நடைபாதையில்கூட இருக்க மாட்டேன்.

விடுமுறை நிறைய மிச்சமிருக்கிறது.

ராக்னார்


ஸ்வார்த்நேஸ்
20 பிப்ரவரி 1995

தம்பிக்கு,

நான் நன்றாக இல்லை.

உங்கள் கழகத்திலிருந்து இன்று ஒரே தபாலில் இரண்டு உறை வந்தது. முதலாவது: "விண்ணப்பதாரரின் கடுமையான உடல்நலக் குறைவு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளதால், பன்னிரண்டு மாத நீட்டிப்பு வழங்கப்படுகிறது." இரண்டாவது: "திட்டம் ஒரே நபரைச் சார்ந்துள்ளது. கழகத்துக்கு வந்துள்ள ஆவணங்களின்படி அவரது உடல்நலம் கருத்தில் கொள்ளப்பட்டது. பதினாலாம் கேள்விக்கு நிறைவான பதில் இல்லை. புதுப்பித்தல் மறுக்கப்படுகிறது." இரண்டின் அடியிலும் தலைவரின் ஒரே கையெழுத்து, ஒரே பேனா.

நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. நீ அனுப்பிய மூன்று கடிதம் புட்டிகளைக் காப்பாற்றிவிட்டு ஏரியைக் கொன்றுவிட்டது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன் மனம் நோக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மேசையில் ஓங்கிக் குத்தினேன், காபிக் கோப்பை உடைந்தது. யாரிடம் போய்க் கத்துவது? நீட்டிப்பு கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், புதுப்பிக்க மறுத்தவரைத் திட்ட வேண்டும், இரண்டும் ஒரே ஆள்.

ஏரிக்கு எந்தக் கடிதமும் போகவில்லை. பனி எழுபத்தெட்டு சென்டிமீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. ஏவெர்டின் முழங்கால் போய்விட்டது, ஜனவரி கடைசியிலிருந்து வீட்டோடு இருக்கிறார். மூன்று ஞாயிறு தனியாகப் போய், பழைய துளையை இடித்துத் திறந்து அளந்தேன். நேற்றும் போனேன், அந்தத் துளை இறுகிப்போயிருந்தது. பனியில் புதிதாகத் துளைப்பானை நிறுத்தி, இடது கையால் சுற்றி, ஒரு சாண் ஆழம்கூட இறக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் பனியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக நோட்டில் ஒரு ஞாயிறு காலி.

பதினாலாம் கேள்விக்கு நான் எழுதாத பதிலை உனக்கு எழுதுகிறேன். எந்த முகவரிக்கு வேண்டுமானாலும் அனுப்பிக்கொள், முத்திரை குத்தச் சொல். உமேயோவுக்குப் பிறகு என் வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை, நாலு வரி எழுதினாலே வீங்கிவிடுகிறது. இரண்டு வருஷமாக இடது கையால்தான் எழுதுகிறேன். துளை எல்லாம் போட்டது ஏவெர்ட். அளந்தது மட்டும்தான் நான். பேனாமீது பழி போட்டேன்.

நீட்டிப்பு டிசம்பர் வரை இருக்கிறது. அதுவரை அந்த ஏரி என்னுடையது. இன்னொரு ஞாயிற்றைக் காலியாக விட மாட்டேன். இந்தக் கடிதம் உனக்குப் புதன்கிழமை கிடைக்கும். வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறு. உன் விடுமுறையை ஜன்னல் திரைகளுக்காகவா சேர்த்து வைத்திருக்கிறாய்? கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள், பூட்ஸும் கொண்டு வா, இங்கே உன் அளவுக்குக் கிடைக்காது. துளைப்பானை நீ பிடி, எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வராதே. பனியில் நிற்கும்போது பேசவும் பேசாதே. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கரையில் நிற்பேன்.

அக்கா